கப்பல் கட்டப் படித்தவர் கிடாரில் கீர்த்தனை வாசித்த கதை!

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில், அடையாற்றின் வடகரையில், 18-ம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த ஒரு வெள்ளை மாளிகை இருக்கிறது. பெயர் பிராடி காசில். இப்போதைய பெயர் ‘தென்றல்’. கிரீன்வேஸ் சாலைப் பக்கம் போகிறவர்கள் அதை அரசு இசைக் கல்லூரியாகத்தான் அறிவார்கள். வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், நாகஸ்வரம் என்று தலைமுறை தலைமுறையாகப் பாடம் நடக்கும் இடம் அது.

ஆற்றைத் தாண்டி தென்கரைக்குப் போனால், சில கிலோமீட்டர் தூரத்தில் இன்னோர் உலகம். மான்கள் மேயும் காட்டுக்குள் ஐ.ஐ.டி. வளாகம். அங்கே கணக்கு, இயற்பியல், இயந்திரம்.

இந்த இரண்டு கரைகளுக்கும் நடுவே ஓடுவது சின்ன ஆறுதான். ஆனால், நம் வீடுகளில் அது கடலைவிட அகலம். “பாட்டெல்லாம் சாயங்காலம் வச்சுக்கோ, முதல்ல படி” என்று சொல்லாத பெற்றோர் குறைவு. அந்த இரண்டையும் முழுசாகப் படித்து முடித்த பிறகும், “நான் கற்க வேண்டியது இன்னும் இருக்கிறது” என்று மூன்றாவதாக ஒரு கல்லூரிக்குப் போனவர்தான் கிடார் கலைஞர் ஆர்.பிரசன்னா. சென்னை சபா ரசிகர்களுக்கு ‘கிடார் பிரசன்னா’.

கர்நாடக இசைக் கச்சேரி மேடையில் எலெக்ட்ரிக் கிடாரோடு சம்மணமிட்டு உட்கார்ந்து தியாகராஜர் கீர்த்தனை வாசிப்பவர். அதே கிடாரை எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் புதுமை ஜாஸ் கலைஞர்களோடு மேடை ஏறுபவர். சொந்தமாக இசை இயற்றுபவர். ஓர் ஆவணப்படத்துக்கு அவர் அமைத்த இசை, ஆஸ்கர் மேடை வரை போயிருக்கிறது.

ராணிப்பேட்டைப் பையன்

பிரசன்னா 1970-ல் பிறந்தவர். வளர்ந்தது ராணிப்பேட்டை. தோல் பதனிடும் ஆலைகளுக்கும் பெல் நிறுவனத்துக்கும் பெயர்போன ஊர். கச்சேரிக்குப் பெயர்போன தஞ்சாவூரும் அல்ல, ராக் இசைக் குழுக்கள் முளைத்துக்கொண்டிருந்த மெட்ராஸும் அல்ல.

அவர் வயதுக்காரர்களுக்கு வானொலிதான் முதல் இசைப் பள்ளி. 1970-களின் பிற்பகுதியில் இளையராஜாவின் பாடல்கள் தெருவெங்கும் கேட்கத் தொடங்கின. கிடார், வயலின் கூட்டம், தவில் எல்லாம் ஒரே பாட்டுக்குள் வந்து உட்கார்ந்ததை அந்தத் தலைமுறை வியப்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அதுதான் இயல்பு என்று நினைத்து வளர்ந்தது. மேற்கத்திய இசையின் சுர அடுக்கு தமிழ்க் காதுக்கு அந்நியமாக இல்லாமல் போனதற்கு அந்தப் பாடல்களும், அதற்கு முன்பே விஸ்வநாதன் - ராமமூர்த்தி காலத்துப் பாடல்களும் முக்கியக் காரணம்.

சிறுவயதிலேயே கிடாரைக் கையில் எடுத்த பிரசன்னா, படிப்பையும் விடவில்லை. சென்னை ஐ.ஐ.டி-யில் நேவல் ஆர்க்கிடெக்சர், அதாவது கப்பல் வடிவமைப்புப் பொறியியல் படித்துப் பட்டம் பெற்றார். ஒரு கப்பலின் உடல் எப்படி இருந்தால் அலையில் கவிழாமல் நிற்கும், எவ்வளவு எடையை எங்கே வைத்தால் அது நேராக மிதக்கும் என்று கணக்கிடும் படிப்பு அது.

ஐ.ஐ.டி. இடம் கிடைப்பது இன்றைக்கும் பெரிய விஷயம். அன்றைக்கு இன்னும் பெரிது. அந்தப் பட்டத்தை வாங்கியவர், கப்பல் பக்கம் போகாமல் கிடாரோடு நின்றார்.

மற்றொரு பக்கம் அவருடைய கர்நாடக இசைப் பயிற்சியும் முறையாக நடந்தது. வாய்ப்பாட்டுக் கலைஞர் திருவாரூர் எஸ்.பாலசுப்பிரமணியம், வயலின் மேதை ஏ.கன்யாகுமரி இருவரும் அவருடைய குருக்கள். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இருவருமே கிடார் வாசிப்பவர்கள் அல்லர். ஒருவர் குரலில் பாடிக் காட்டியதையும் மற்றவர் வில்லில் இழுத்துக் காட்டியதையும் மாணவர்தான் கிடார் தந்திக்கு மொழிபெயர்த்தாக வேண்டும்.

கட்டம் போட்ட கருவியில் கமகம் எப்படி?

கிடாரில் கர்நாடக இசை என்றால் என்ன பெரிய சிரமம்? வீட்டில் கீபோர்டு இருந்தால் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். தோடி ராகத்தின் காந்தாரத்தை அதில் வாசிக்க முயன்று பாருங்கள். வராது. ஏனென்றால், தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்கும் சுரமே அல்ல. ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருப்பது. அந்த ஆட்டம்தான் கமகம். கீபோர்டில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே எதுவுமே கிடையாது. ஹார்மோனியத்துக்கும் இதே குறைதான். இந்தக் காரணத்தைச் சொல்லியே அகில இந்திய வானொலி 1940-லிருந்து 1971 வரை ஹார்மோனியத்துக்குத் தடை போட்டிருந்தது.

கிடாரும் கிட்டத்தட்ட அப்படிப்பட்ட கருவிதான். அதன் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளை ஃப்ரெட் என்பார்கள். ஒவ்வொரு ஃப்ரெட்டும் ஒரு படி. படியில் நிற்கலாம், படிகளுக்கு நடுவில் நிற்பது கடினம்.

வீணையிலும் படிகள் உண்டே என்று கேட்கலாம். உண்டு, 24 மெட்டுகள். ஆனால், வீணையின் மெட்டுகள் மெழுகின் மேல் உயரமாக நிற்கின்றன. தந்தியைப் பக்கவாட்டில் தாராளமாக இழுக்க இடம் உண்டு. ஒரே மெட்டில் வைத்த விரலை இழுத்தே இரண்டு மூன்று சுரம் தாண்டிப் போய்விடலாம். கிடாரின் கழுத்தில் ஆறு தந்திகள் நெருக்கமாக ஓடுகின்றன. அவ்வளவு இழுக்க வசதி குறைவு.

கோட்டுவாத்தியம்போல ஓர் உருளையைத் தந்தி மேல் தேய்த்து வாசிப்பது ஒரு வழி. ஹவாயன் கிடார்காரர்கள் செய்வது அதைத்தான். பிரசன்னா அந்த வழியில் போகவில்லை. சாதாரண எலெக்ட்ரிக் கிடாரையே எடுத்துக்கொண்டார். தந்தியின் நீளவாக்கில் விரலை வழுக்கிக்கொண்டு போவது, தேவையான இடத்தில் தந்தியை வளைப்பது என்று விரல்களாலேயே கமகத்தைக் கொண்டுவந்தார்.

சொல்வதற்கு ஒரு வரி. செய்வதற்குப் பல வருடம். பாடகர் மூச்சில் செய்வதை, ஃப்ரெட் கம்பிகள் கரகரக்காமல் இடது கை விரல் செய்தாக வேண்டும். எங்கே வழுக்க வேண்டும், எங்கே வளைக்க வேண்டும் என்பது ராகத்துக்கு ராகம் மாறும். அவர் வாசிப்பைக் கண்ணை மூடிக் கேட்கும்போது கருவியின் பெயர் மறந்து, கீர்த்தனையின் சாகித்யம் காதில் ஓடுவது அந்த உழைப்பின் பலன்.

விருந்தாளியாக வந்தவை எல்லாம்...

“கிடார் நம் கருவியா?” என்ற கேள்வி கட்டாயம் வரும். இதே கேள்வியை 200 வருடங்களுக்கு முன்பு வயலினும் சந்தித்திருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் ஐரோப்பிய வயலினைக் கற்று, கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவராகப் போற்றப்படுகிறார். இன்றைக்கு வயலின் இல்லாத கச்சேரி மேடையை நினைக்க முடிகிறதா?

1980-களில் மாண்டலினோடு ஒரு சிறுவன் வந்தான். யு.ஸ்ரீநிவாஸ். ‘இது கொசுறுக் கருவி’ என்று முகம் சுளித்தவர்களை, தன் வாசிப்பாலேயே உட்காரவைத்தான். சாக்ஸபோனைக் கர்நாடக இசைக்கு வளைத்தவர் கத்ரி கோபால்நாத். கிடாரிலும் பிரசன்னாவுக்கு முன்னோடி உண்டு. 1980-களிலேயே சுகுமார் பிரசாத் எலெக்ட்ரிக் கிடாரில் கச்சேரி செய்திருக்கிறார்.

கருவிக்கு மட்டும்தான் இந்தச் சண்டை என்றில்லை. மொழிக்கே நடந்திருக்கிறது. தெலுங்கு, சமஸ்கிருதக் கீர்த்தனைகள் கோலோச்சிய மேடைகளில் தமிழ்ப் பாடல்களுக்கும் உரிய இடம் வேண்டும் என்று 1940-களில் தமிழிசை இயக்கம் எழுந்தது. அதன் முன்னணியில் நின்றவர் ராஜா சர் அண்ணாமலை செட்டியார். 1943-ல் தமிழ் இசைச் சங்கம் உருவானது. அன்றைக்கு அதற்கும் எதிர்ப்பு பலமாக இருந்தது. அதே அண்ணாமலை செட்டியாரின் பெயரைத் தாங்கி நிற்பதுதான் ராஜா அண்ணாமலைபுரம்.

ஆக, ‘எது நம் இசை?’ என்ற கேள்வி ஒவ்வொரு தலைமுறையிலும் வருகிறது. நிலைத்து நின்ற புதியவர்களிடம் ஒரு பொதுக்குணம் இருக்கிறது. பழைய இலக்கணத்தை முழுசாகக் கற்ற பிறகே அவர்கள் கதவைத் தட்டினார்கள். பாலுசுவாமி தீட்சிதர் முதல் ஸ்ரீநிவாஸ் வரை இதுதான் கதை. பிரசன்னாவும் அதே வரிசையில் வருகிறார். அவர் செய்த கூடுதல் வேலை, எதிர்க்கரையின் இலக்கணத்தையும் அதே அளவு சிரத்தையோடு கற்றது.

மறுபடியும் மாணவராக...

1993-ல் ‘வைப்ரன்ட் ஈஸ்தெடிக்ஸ்’ என்ற ஆல்பம் வந்தது. சபா மேடைகளும் கிடைத்துவிட்டன. இருபத்து மூன்று வயதில் பெயர் வந்துவிட்ட பிறகு, ஜாஸ் இசையை இசைத்தட்டைக் கேட்டுக் கொஞ்சம் கற்றுக்கொண்டு, ‘ஃப்யூஷன்’ என்று பெயர் வைத்து வாசித்திருக்கலாம். பலர் அப்படித்தான் செய்தார்கள்.

பிரசன்னா அமெரிக்காவுக்குப் போய் மாணவராகச் சேர்ந்தார். பாஸ்டன் நகரில் உள்ள பெர்க்லி இசைக் கல்லூரி. கலிஃபோர்னியாவில் இருக்கும் பல்கலைக்கழகம் வேறு, இது வேறு. உலகம் முழுவதிலுமிருந்து ஜாஸ் கற்க மாணவர்கள் வந்து சேரும் இடம். அங்கே படித்து, சிறப்பு நிலையில் தேறினார்.

அங்கே போய் என்ன கற்க வேண்டியிருந்தது? ஒரு சின்ன உதாரணம் பார்க்கலாம். நம் இசையில் ஒரு நேரத்தில் ஒரு சுரம். ராகம் என்பது ஒற்றைக் கோடாக வளைந்து நெளிந்து போகும் பாதை. மேற்கத்திய இசையில் மூன்று நான்கு சுரங்களை ஒரே சமயத்தில் அடுக்கி ஒலிக்கவைக்கிறார்கள். அந்த அடுக்குக்கு கார்டு என்று பெயர்.

இப்போது மோகன ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ச, ரி, க, ப, த என்று ஐந்தே சுரம். மத்யமமும் நிஷாதமும் அதில் கிடையாது. கிடார் கற்கும் எந்தப் பிள்ளையும் இந்தப் பாட்டுக்கு வழக்கமான மூன்று கார்டுகளைப் போடும். முதல் கார்டு ச-க-ப. சரி, பிரச்னை இல்லை. அடுத்தது ம-த-ச. போச்சு, மத்யமம் உள்ளே வந்துவிட்டது. மூன்றாவது ப-நி-ரி. நிஷாதமும் வந்துவிட்டது. கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால், அது மோகனமாக இருக்காது.

ராகத்தைக் கெடுக்காமல் அடுக்க வேண்டுமென்றால், அந்த ஐந்து சுரங்களுக்குள்ளேயே புதிய அடுக்குகளைத் தேட வேண்டும். த-ச-க என்று ஒன்று கிடைக்கும். இன்னும் அசாதாரணமான சேர்க்கைகள் கிடைக்கும். இல்லையென்றால், ராகத்தை மீறுகிறோம் என்று தெரிந்தே, காரணத்தோடு மீற வேண்டும். இரண்டுக்குமே இரண்டு இலக்கணமும் தெரிந்திருக்க வேண்டும். நல்ல கலப்புக்கும் மோசமான கலப்புக்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில்தான் தெரிந்துவிடும்.

தாளத்தில் ஏற்கெனவே உறவு

ஜாஸ் என்பது 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த இசை. எழுதிவைத்த மெட்டைச் சொல்லிவிட்டு, அங்கேயே அந்த நொடியிலேயே கற்பனையாக விரித்துக்கொண்டு போவது அதன் உயிர். நம் ஊர் ஆலாபனையும் கல்பனாஸ்வரமும் தெரிந்தவர்களுக்கு இது புரியாத விஷயமில்லை.

இந்த உறவைப் பிரசன்னா பிறப்பதற்கு முன்பே இரு பக்கமும் உணர்ந்திருந்தார்கள். 1958-ல் அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக் தன் குழுவோடு மெட்ராஸ் வந்தார். அவருடைய டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோ, மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையின் வாசிப்பைக் கேட்டு அசந்துபோனார். அடுத்த வருடம் புரூபெக் குழு வெளியிட்ட ஆல்பத்தில் இருந்த ‘டேக் ஃபைவ்’ உலகப் புகழ்பெற்றது. அது ஐந்து எண்ணிக்கையில் ஓடும் பாட்டு. நம் கண்ட நடை பழகிய காதுக்கு அதில் வியப்பு ஒன்றுமில்லை. மேற்கத்தியக் காதுக்கு அது புதுமை.

சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் இந்திய ராகங்களில் ஈர்க்கப்பட்டுத் தன் மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தார், ரவிசங்கரின் நினைவாக. சார்லி மரியானோ என்ற இன்னொரு சாக்ஸபோன் கலைஞர் நாகஸ்வரமே கற்றார். 1970-களில் ஜான் மெக்லாக்லின் ‘சக்தி’ குழுவை அமைத்தபோது, அதில் வயலினுக்கு எல்.சங்கர், கடத்துக்கு விக்கு விநாயக்ராம் என இரண்டு தமிழர்கள் இருந்தார்கள். மெக்லாக்லின் தன் கிடாரின் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்கிக்கொண்டார். எதற்கு? கமகம் பிடிக்கத்தான்.

மேற்கிலிருந்து நம் பக்கம் வந்தவர்கள் இவர்கள். பிரசன்னா எதிர்த்திசையில் பயணம் செய்தார். கமகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜாஸுக்குள் போனார்.

திருவல்லிக்கேணியும் ஜிமி ஹென்ட்ரிக்ஸும்

2006-ல் அவர் வெளியிட்ட ஆல்பத்தின் பெயர் ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’. ராக் கிடாரின் பிதாமகர்களில் ஒருவரான ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கு அஞ்சலி. 1968-ல் ஹென்ட்ரிக்ஸ் வெளியிட்ட ‘எலெக்ட்ரிக் லேடிலேண்ட்’ என்ற பெயரைத்தான் பிள்ளையாரை வைத்து மாற்றியிருக்கிறார்.

அஞ்சலி என்றால் வழக்கமாக அவர் பாடல்களைத் திரும்ப வாசிப்பார்கள். பிரசன்னா சொந்தமாக இயற்றினார். கூடவே ஒலித்தது தென்னிந்தியத் தாள வாத்தியங்கள். அதில் ஒரு பாட்டின் தலைப்பு ‘டார்க் சண்டே இன் டிரிப்ளிகேன்’. ஞாயிற்றுக்கிழமையையும் ஐஸ்கிரீமையும் ஒரே உச்சரிப்பில் போட்டு விளையாடும் தலைப்பு. ஹென்ட்ரிக்ஸின் அலறும் கிடாரைத் திருவல்லிக்கேணித் தெருவில் நடக்கவிட்டால் எப்படி இருக்கும் என்ற கற்பனை. பக்தியும் குறும்பும் சேர்ந்தே வருகிற இசை இது.

மூன்று பேர், மூன்று பாதை, ஒரு தீர்த்தம்

2007-ல் இந்திய விடுதலையின் 60-வது ஆண்டையொட்டி ஒரு நிகழ்ச்சிக்காக அமெரிக்காவில் மூன்று கலைஞர்கள் சேர்ந்தார்கள். பியானோவில் விஜய் ஐயர், தப்லாவில் நிதின் மிட்டா, கிடாரில் பிரசன்னா. அந்தக் கூட்டணிதான் ‘தீர்த்தா’. 2011-ல் அதே பெயரில் ஆல்பம் வந்தது.

விஜய் ஐயர், தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். அவரும் அறிவியல் வழியாக வந்தவர்தான். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்தார். பிறகு பியானோவே வாழ்க்கை என்று முடிவெடுத்தார். 2013-ல் மெக்ஆர்தர் ஃபெலோஷிப் பெற்றார். ஹார்வர்டில் இசைப் பேராசிரியராகவும் ஆனார். நிதின் மிட்டா ஹைதராபாத்தில் வளர்ந்து, இந்துஸ்தானி மரபில் தப்லா பயின்றவர்.

இந்த மூவர் அணியில் பேஸ் கிடார் இல்லை, டிரம்ஸ் இல்லை. வழக்கமான ஜாஸ் குழுவின் அஸ்திவாரமே இல்லாத வீடு. பியானோ பெரிய பெரிய அடுக்குகளை எழுப்ப, கிடார் கமகத்தோடு ஒற்றைக் கோடாக அதன் நடுவே வளைந்து போகிறது. சில பாடல்களை ஐயரும் சிலவற்றைப் பிரசன்னாவும் இயற்றினார்கள். ‘இந்திய வாசனை தூவிய ஜாஸ்’ என்ற வகையில் இதைச் சேர்க்க முடியாது. யார் யாருக்குப் பக்கவாத்தியம் என்று பிரித்துச் சொல்ல முடியாத உரையாடல் அது.

இதற்குச் சற்று முன், 2010-ல், ‘ராகா பாப் ட்ரையோ’ என்ற இன்னொரு மூவர் அணி ஆல்பமும் வந்தது. சாக்ஸபோனில் ஜார்ஜ் புரூக்ஸ், டிரம்ஸில் ஸ்டீவ் ஸ்மித். ‘ஜர்னி’ என்ற பெரிய ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்த ஸ்டீவ் ஸ்மித், நம் கொன்னக்கோலை விரும்பிக் கற்றவர். ‘தகதிமி, தகஜொணு’ என்று அமெரிக்கர் ஒருவர் வாயால் சொல்லி டிரம்ஸில் வாசிப்பதைக் கேட்டால், நம் ஊர் மிருதங்க வகுப்புப் பிள்ளைகளுக்கு உற்சாகம் பிறக்கும்.

அந்த ஆஸ்கர் இரவில்...

2009 பிப்ரவரி 22. ஏ.ஆர்.ரஹ்மான் இரண்டு ஆஸ்கர் விருதுகளைக் கையில் ஏந்தி, தமிழில் பேசிய இரவு அது. அதை மறந்த தமிழர் இருக்க முடியாது. அதே இரவில், அதே மேடையில், இன்னொரு தமிழரின் இசை இருந்த படத்துக்கும் ஆஸ்கர் கிடைத்தது. அது பலருக்கு இன்றும் தெரியாது.

மேகன் மைலன் இயக்கிய ‘ஸ்மைல் பிங்கி’. உத்தரப்பிரதேசத்தின் ஏழைக் கிராமத்தில், உதட்டுப் பிளவோடு பிறந்ததால் பள்ளிக்கும் போக முடியாமல் ஒதுங்கி நின்ற ஒரு சிறுமி, இலவச அறுவை சிகிச்சைக்குப் பின் சிரிக்கத் தொடங்கும் கதை. சிறந்த குறும் ஆவணப்படத்துக்கான விருதை அது வென்றது. விருது இயக்குநருக்கு. படத்தின் இசை பிரசன்னாவுடையது.

எதையும் வேகமாகவும் சிக்கலாகவும் வாசிக்கத் தெரிந்த ஒருவருக்கு, இப்படிப்பட்ட படத்தில் மிகப் பெரிய சோதனை அடங்கி நிற்பதுதான். அந்தச் சிறுமியின் முகத்தை மீறி இசை பேசக் கூடாது.

பள்ளிக்கூடம் கட்டினார்

2010-ல் பிரசன்னா தன் வாழ்க்கையின் இன்னொரு பெரிய வேலையைத் தொடங்கினார். சென்னைக்குத் தெற்கே, செய்யூர் பக்கம் ‘ஸ்வர்ணபூமி இசை அகாடமி’. அவரே தலைவராக இருந்தார். ஜாஸ், ராக், கர்நாடக இசை, தாளம் எல்லாவற்றையும் மாணவர்கள் ஒரே வளாகத்தில் தங்கிப் படிக்கும் கல்லூரி. உலகின் பல பகுதிகளிலிருந்து கலைஞர்கள் வந்து பாடம் எடுத்தார்கள்.

இதன் அருமை புரிய, அவர் படித்த வரிசையை மறுபடி நினைத்துப் பார்க்க வேண்டும். கர்நாடக இசைக்கு ஒரு குருவின் வீடு. கிடாருக்குத் தன் சொந்தக் காது. ஜாஸுக்குக் கடல் தாண்டி பாஸ்டன். இத்தனை இடங்களில் அலைந்து ஒருவர் சேர்த்ததை, அடுத்த தலைமுறை ஒரே கூரையின் கீழ் பெற முடியுமா என்ற முயற்சி அது. டாலரில் கட்டணம் கட்ட முடியாத குடும்பத்துப் பிள்ளைக்கு, வீட்டிலிருந்து பஸ் தூரத்தில் அந்தப் படிப்பு இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

‘ஐ.ஐ.டி. சீட்டு வீண்தானே?’

இந்தக் கதையைக் கேட்கும் எந்தப் பெற்றோர் மனதிலும் ஒரு கேள்வி எழும். இன்னொருவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடத்தில் படித்துவிட்டு, கிடாரோடு போவது நியாயமா? நியாயமான கேள்விதான். அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தைப் பற்றிக் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால், பட்டம் வாங்கியவர்கள் எல்லோரும் படித்த துறையிலேயே இருக்கிறார்களா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கப்பல் பொறியியல் முடித்து வங்கி வேலைக்கோ, மென்பொருள் வேலைக்கோ போகிறவரை யாரும் “சீட்டு வீண்” என்று சொல்வதில்லை. சம்பளம் வருகிறது, அதனால் கேள்வி வருவதில்லை. இசைக்குப் போகும்போது மட்டும்தான் அந்தக் கணக்கு நம் ஞாபகத்துக்கு வருகிறது.

இதற்காக, எல்லாப் பிள்ளைகளும் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கிடாரை எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. பிரசன்னாவின் வாழ்க்கை சொல்வது அதற்கு நேர்மாறானது. அவர் எதையும் பாதியில் விடவில்லை. ஐ.ஐ.டி. படிப்பை முடித்தார். கீர்த்தனைகளை முறையாகப் பாடம் செய்தார். மேடை கிடைத்த பிறகும் போய் முதல் வருட மாணவராக உட்கார்ந்தார். பிள்ளையின் ஆசை நிஜமா, ஒரு சீசன் மோகமா என்று தெரிந்துகொள்ள விரும்பும் பெற்றோர் கவனிக்க வேண்டியது இதைத்தான். மேடை ஆசை எல்லோருக்கும் இருக்கும். யாரும் பார்க்காத நேரத்தில், அதே கமகத்தை நூறாவது தடவை வாசித்துப் பார்க்கும் பொறுமை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

கர்நாடக இசைப் பழக்கம் உள்ளவர்கள், அவருடைய கச்சேரிப் பதிவுகளிலிருந்து தொடங்கலாம். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கீர்த்தனையைப் பிடித்த பாடகரின் குரலில் ஒருமுறை கேளுங்கள். அதே கீர்த்தனையைக் கிடாரில் கேளுங்கள். பாடகர் எழுத்துகளை அழுத்தும் இடங்களில் கிடார் என்ன செய்கிறது என்று கவனித்தால் போதும்.

ராக் இசை கேட்டு வளரும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அவர்களுக்கு ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’. தாத்தாவும் பேரனும் ஒரே அறையில் உட்கார்ந்து கேட்கக்கூடிய அபூர்வமான ராக் ஆல்பம் அது. தாத்தாவுக்கு மிருதங்கம் கேட்கும், பேரனுக்குக் கிடார் கேட்கும்.

‘தீர்த்தா’வுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். முதல் தடவை பிடிபடாமல் போகலாம். ராகம் எது என்று தேடாதீர்கள். தாளம் எண்ணாதீர்கள். மூன்று பேர் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்பதுபோல் கேளுங்கள். இரண்டாவது தடவை, யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்பது விளங்கத் தொடங்கும்.

சென்னையில் மார்கழி வந்தால் சபா கேன்டீன் காபியோடு கச்சேரி கேட்கப் பலரும் கிளம்பிவிடுகிறோம். இந்த மார்கழியில் நிகழ்ச்சி நிரலைப் புரட்டும்போது, பழக்கமான பெயர்களோடு பழக்கமில்லாத கருவி ஒன்றையும் தேடிப் பாருங்கள். கிடார் கச்சேரி கண்ணில் பட்டால், வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். ஒன்றே ஒன்று: தோடி வந்தால், வாசிப்பவரின் இடது கையைப் பார்க்கச் சொல்லுங்கள்.